சட்டைகளுக்கு ஒரு பூட்டு

விருத்தாசலம் ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு பீங்கான் பொம்மைக் கடையில் நிற்கிறேன். சென்னை போய் விமானம் பிடித்து, சிங்கப்பூரில் உல்லாசக் கப்பல் ஏற வேண்டும். பிள்ளையார்களை வைக்கோலில் சுற்றிக்கொண்டிருக்கும் கடைக்கார அம்மா என் பெட்டிப் பூட்டை உற்றுப் பார்க்கிறார்.

“நம்பர் இருக்குது, அப்பறம் எதுக்குங்க சாவி ஓட்டை?”

“ஏர்போர்ட்ல சோதனை பண்றவங்க திறக்கறதுக்கும்மா. சாவி அவங்ககிட்ட இருக்கும்.”

“அடுத்தவங்க தெறக்கவா பூட்டு?” என்று சிரிக்கிறார். “உள்ள என்னா இருக்குது?”

“துணிமணி, சுகர் மாத்திரை, கப்பல் டிக்கெட்டு.”

அவர் கை நின்றுவிடுகிறது. “ஆர்டர் புடிக்கப் போறப்ப சாம்பிள் பொம்மைய மட்டும் நாங்க மூட்டையில போட மாட்டோம்ங்க. மடியில வச்சிக்கிட்டுதான் பஸ்ஸுல போவோம்.”

கடை வாசலிலேயே பெட்டியைத் திறக்கிறேன். மாத்திரையும் டிக்கெட்டும் தோள்பைக்கு மாறுகின்றன. மறுபடி பூட்டுகிறேன். உள்ளே இப்போது சட்டைகள்தான். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கட்டும்.