நண்டுக்கு வந்த வெள்ளிக்கிழமை

கடற்கரையில் உட்கார்ந்து நண்டு தின்ன வேண்டும். பதினெட்டு வருடங்களுக்குப் பிறகு கனடாவிலிருந்து வந்த அண்ணைக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். அவர் வந்திறங்கியதோ எங்கள் கோயிலில் கொடியேறிய அன்று. திருவிழா முடியும்வரை வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் காய்ச்சமாட்டோம். தேரும் தீர்த்தமும் முடிந்து, விமானம் ஏற முன்னர் மிஞ்சியது ஒரேயொரு நாள். அது வெள்ளிக்கிழமை. அம்மாவுக்கு வெள்ளி விரதம். தானும் மச்சம் தொடமாட்டார், எங்களையும் தொடவிடமாட்டார்.

ஆனாலும் வாடகைக்கு ஒரு வான் பிடித்துக் கடல் பார்க்கப் புறப்பட்டோம், பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்துக் கட்டிய சோற்றுப் பார்சல்களோடு. சுற்றிவரக் கடல், நடுவில் கத்தரிக்காய். எனக்கு விடியவே எரிச்சல்.

கீரிமலையில் குளித்து முடிக்கப் பத்தரையாகிவிட்டது. ராகுகாலம். பன்னிரண்டு மணிவரை வான் அசையக்கூடாது என்றார் அம்மா. ஒன்றரை மணி நேரம் அண்ணை கல்லில் குந்தியிருந்து, காலடியில் ஓடிய சின்ன நண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவையும் அவரைப் பார்த்தன.

கசூரினா கடற்கரையில் ஒரு கடைக்காரர் உயிர் நண்டொன்றைத் தூக்கிக் காட்டினார். அண்ணை வழக்காடத் தொடங்கினார்.

“அம்மா, நண்டு மீனில்லை. செதில்கூட இல்லை.”

“அப்ப மரக்கறியோ? கத்தரியோடை தோட்டத்திலை காய்க்கிறதோ?”

கடைக்காரர் நண்டும் கையுமாகத் தீர்ப்புக்குக் காத்து நின்றார். நண்டு அவருடைய விரலைக் கவ்வியது. வழக்கு அத்துடன் தள்ளுபடி.

திரும்பும் வழியில், பின்னேரம், குருநகரில் என்னோடு படித்த மீனவ நண்பனின் வீட்டில் இறங்கினோம். படலையைத் திறந்தால் நேரே கடல். அடுப்பில் நண்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது.

“இண்டைக்கு வெள்ளியல்லோ?” என்று அண்ணை அழாக்குறையாகக் கேட்டார்.

“எங்களுக்கு வெள்ளியிலை இறைச்சிதான் விலக்கு. நண்டு தின்னலாம்,” என்றாள் கழுத்தில் சிலுவை போட்டிருந்த நண்பனின் மனைவி.

அண்ணை நிமிர்ந்து உட்கார்ந்தார். “உங்கடை வேதத்திலை சேர எவ்வளவு நேரம் பிடிக்கும், தங்கச்சி?”

எல்லோரும் சிரித்தோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. எழும்பிப் போய், ஒரு கோப்பையில் கறியை அள்ளிக்கொண்டு வந்து அண்ணையின் முன்னால் வைத்தார்.

“சாப்பிடு.”

“விரதம்?”

“நீ கனடாவுக்கு வெளிக்கிட்ட கிழமை தொடங்கினது. நீ திரும்பி வரவேணும் எண்டு வைச்சது. வந்திட்டாய்தானே.”

வெள்ளி தவறாமல் என்னையும் கத்தரிக்காய் தின்னவைத்த விரதம். கோயிலுக்கு என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். முதலில் ஆத்திரம் வந்தது. பிறகு கோப்பையை அண்ணையின் பக்கம் நானே தள்ளிவைத்தேன். அண்ணை கோப்பையைத் தொடாமல் கடலைப் பார்த்தபடி இருந்தார்.

அம்மா நண்டுக் காலொன்றை உடைத்து, சதையை இழுத்தெடுத்து, அவருடைய கோப்பையின் ஓரத்தில் வைத்தார்.

“கெதியாத் தின். வாற வெள்ளி நான் முதலிலையிருந்து தொடங்கவேணும்.”