அக்கா பூசின மொடா

மதுக்கரையில சிமெண்டு பேக்டரி வந்த புதுசு. அந்தச் சிமெண்டு வந்த சணல் சாக்கை வாய்க்கால்ல அலசி, அதுல அரிசியைக் கொட்டி வெக்கற புத்தி எங்கய்யனைத் தவிர வேற யாருக்கு வரும்? சிமெண்டு வாடைக்கு வண்டு எட்டிப் பாக்குமான்னு பெருமை பேசிட்டுத் திரிஞ்சார். ஆத்தா ஒத்துக்கலை. சாக்குக்குக் கண்ணு ஆயிரம், மொடாவுக்கு வாய் ஒண்ணுதான்னு சொல்லி, பாதி அரிசியைக் காய்ஞ்ச வேப்பிலையோட மண்மொடாவுல போட்டா. வாயில தட்டை வெச்சு, சாணியும் செம்மண்ணும் கொழைச்சுப் பூசினது எங்கக்கா. பூசினவ ஈரத்துல கையைப் பதிக்கோணும். தொறக்கற அன்னிக்கு அதே கைதான் உடைக்கோணும். எங்க ஊட்டு வழக்கம் அது.

ஆடி பொறக்கறதுக்குள்ள காலராவுல அக்கா போயிட்டா.

அதுக்கப்புறம் ஆத்தா மொடாகிட்ட யாரையும் அண்ட விடலை. அந்தக் கையச்சு மேல தன் கையை வெச்சுக்கிட்டு நிப்பா. எனக்கு மொடா இருந்த அறைப் பக்கம் போகவே பயம். அஞ்சு வெரலும் உள்ள இருந்து தள்ற மாதிரியே இருக்கும்.

கம்பும் சோளமும் திங்கற ஊடு, அரிசியை யாரும் தேடலை. அப்பறம் நான் காய்ச்சல்ல படுத்தேன். கூழு வயித்துல நிக்கலை. அரிசிக்கஞ்சி உள்ள போனாத்தான் புள்ள தேறும்னுட்டார் வைத்தியர். அய்யன் சாக்கை அவுத்தார். அரிசி கட்டி கட்டியா நூல் கோத்துக் கெடந்துச்சு, வண்டு அவர் கை மேல ஏறுச்சு. கையை உதறிட்டு மொடாகிட்டப் போனார்.

ஆத்தா குறுக்க நின்னா. "ஏனுங்க, அவ கையை நான் உடைக்க உட மாட்டனுங்க."

"இருக்கறவளையும் உட்டுப்போடலாமா?"ன்னார் அய்யன்.

பாயில கெடந்து கேட்டுக்கிட்டிருந்தேன். உசுரோட இருக்கறவளுக்குக் கஞ்சி ஊத்த இத்தனை ரோசனையான்னு வயிறு எரிஞ்சுச்சு. செத்தவ மேல பொறாமை. சொன்னா சிரிப்பீங்க.

கடைசில ஆத்தா உளியை எடுத்து மொடாவோட அடிவயித்துல ஓட்டை போட்டா. அரிசி சரசரன்னு கொட்டுச்சு. ஒரு பூச்சி இல்லை, புழு இல்லை. மேல பூச்சு அப்படியே இருந்துச்சு.

கஞ்சியை ஆத்தி, என் தலையை மடியில சாய்ச்சு, வாய்கிட்டக் கொண்டுவந்தவ அக்கா பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டா. அய்யன் சுவத்தைப் பாத்துக்கிட்டு நின்னார். எனக்கு அப்படியொரு பசி. அந்தப் பேருக்கே "ஏனாத்தா?"ன்னு கொரல் குடுத்து வாயைத் தொறந்தேன்.