இன்னொருவருக்காகச் சொன்ன ஓம்

எங்கள் ஐஸ் பக்டரியில் வேலை நேரம் முடிந்தாலும், மாற்று ஆள் வந்து சேரும்வரை எவரும் மெசினை விட்டுப் போகமாட்டார்கள். இதை யாரும் சட்டமாகப் போட்டதில்லை. மெசின் நின்றால் உப்புத்தண்ணீர்த் தொட்டியில் இறக்கிவைத்த தகரப் பெட்டிகளுக்குள் பாதி உறைந்த ஐஸ் பழுதாகிவிடும். திரும்ப ஓடவிட்டுப் பழைய குளிருக்குக் கொண்டுவர அரை நாள் போகும். அதற்குள் கரையில் மீனோடு காத்து நிற்கிற முதலாளிமார் எங்கள் வாசலுக்கு வந்து எங்களைப் பெற்றவர்கள்வரை இழுத்துப் பேசுவார்கள். அதனால் மாற்று ஆள் வராவிட்டால் நிற்கிற ஆளே தொடர்ந்து நிற்பார். பிறகு இவர் வராத நாளில் அவர் நின்று கணக்குத் தீர்ப்பார்.

நான் அங்கே கந்தோரில் கிளார்க்காக இருந்தேன். சங்கு ஊதியதும் மெசின் அறை வாசலில் நின்று பெயர் கூப்பிடுவது என் வேலை. கூப்பிட்ட பெயருக்கு உள்ளேயிருந்து "ஓம்" என்று குரல் வரும். நான் குறித்துக்கொண்டு திரும்பிவிடுவேன். மெசின் இரைச்சலிலும் அமோனியா நெடியிலும் உள்ளே போய் முகம் பார்க்க எனக்கு ஒருநாளும் மனம் வந்ததில்லை. அவர்களும் நெடிக்குப் பயந்து மூக்கை மூடித் துவாய் சுற்றியிருப்பார்கள்.

மெசினுக்குப் பொறுப்பானவர்கள் இரண்டு பேர். ஒருவர் மூதூரிலிருந்து கடல் தாண்டி லோஞ்ச் படகில் வருபவர். அவரை எல்லோரும் மூதூரார் என்போம். மற்றவர் துறைமுகத்துப் பக்கம் பிறந்து வளர்ந்த சிங்களவர். வயதில் மூத்தவர் என்பதால் பெரியண்ணை. கதவுக்கு வெளியே நின்று அவர் தமிழ் கதைப்பதைக் கேட்டால் பக்கத்துச் சாம்பல்தீவு ஆள் என்றுதான் நினைப்பீர்கள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டாத நாள் கிடையாது. அவர் கொண்டுவந்த மீன் குழம்பை இவர் குறை சொல்வார், சொல்லிக்கொண்டே முழுவதையும் முடித்துவிடுவார். பெரியண்ணையின் வீட்டில் விசேஷம் என்றால் மூதூரார் இரண்டு ஆள் வேலையைத் தனியாகச் செய்வார். லோஞ்சைக் கடற்படை மறித்த நாளில் பெரியண்ணை செய்வார். லோஞ்ச் மறிபடுவது அந்தச் சண்டை வருடங்களில் மழை பெய்வதுபோல. ஏன் என்று கேட்க ஆளும் இல்லை, எப்போது விடும் என்று சொல்ல ஆளும் இல்லை.

இந்த நிலையில்தான் புது மனேஜர் கொழும்பிலிருந்து வந்தார். தமிழர், நாற்பது வயது இருக்கும், சட்டைக் கை மடிப்புக் கலையாத மனிதர். நிர்வாகம் படித்தவர். வந்த கிழமையே சுவரில் பெரிய பலகை ஒன்றை மாட்டினார். வந்தவருக்குப் பச்சைப் பொட்டு, வராதவருக்குச் சிவப்புப் பொட்டு. முன்கூட்டி அறிவிக்காமல் மாதத்தில் இரண்டு தடவைக்கு மேல் சிவப்பு விழுந்தால் வேலை போகும். ஆளுக்கு ஆள் கூடுதலாக நின்று மறைக்கிற பழக்கமும் நிற்க வேண்டும், நேரம் முடிந்தால் வீட்டுக்குப் போக வேண்டும், ஒருவருக்காக இன்னொருவர் பொய் சொன்னால் இரண்டு பேரும் வெளியே என்றார்.

லோஞ்ச் நின்றால் மூதூரிலிருந்து எப்படி அறிவிப்பது என்று நான் கேட்டேன். கொஞ்சம் வெள்ளென எழும்பி வெளிக்கிடலாமே என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூதூரார் வெள்ளென எழும்பினால் கடற்படையும் வெள்ளென எழும்பி வழிவிடும் என்று இந்த மனிதர் நம்புகிறாரா? வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். எனக்கும் வேலை வேண்டியிருந்தது.

மூதூராருக்கு அந்த மாதம் இரண்டு சிவப்பு விழுந்துவிட்டது. மூன்றாவது தடவை லோஞ்ச் நின்ற காலையில் நான் அவருடைய பெயரைக் கூப்பிட்டேன். உள்ளேயிருந்து "ஓம்" என்று வந்தது. சற்றுக் கரகரத்த ஓம். நிமிர்ந்து பார்த்தேன். பெரியண்ணை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மிகவும் கவனமாக அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரவு முழுக்க நின்ற மனிதர். ஐஸ் தூக்குகிற பெடியன்கள் துவாய்க்குள் சிரித்தார்கள். நான் பச்சைப் பொட்டு வைத்தேன். அதில் எனக்கு அன்றும் கூச்சமில்லை, இன்றும் இல்லை. மெசின் ஓடியது, ஐஸ் உறைந்தது, மூதூராருக்கு வேலை இருந்தது. ஒருவருடைய வயிற்றிலும் அடி விழவில்லை.

அதன்பிறகு லோஞ்ச் நிற்கிற நாளெல்லாம் பெரியண்ணை இரண்டு ஆளாக இருந்தார். மனேஜர் மாடியிலிருந்து இறங்கி மெசின் அறையை எட்டிப் பார்த்தாலும் அவருக்குத் தெரிவது ஒரு துவாய்தான். பலகை பச்சையாகவே நின்றது. மனேஜருக்குப் பெருமை பிடிபடவில்லை. தலைமைக் கந்தோருக்கெல்லாம் சொன்னாராம். ஒருநாள் எங்களைக் கூப்பிட்டு, கஷ்டமான இடத்திலும் ஒழுங்கு வரும் என்று காட்டிவிட்டீர்கள் என்று பாராட்டி ஆளுக்கொரு துண்டு கேக் தந்தார். பெரியண்ணை இரண்டு துண்டு எடுத்தார். ஒன்று மூதூராருக்காம். அதையும் அவரே தின்றார்.

பிறகு ஒரு முற்பகல் துறைமுக வீதியில் குண்டு வெடித்தது. எங்கள் யன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. அன்றைக்கும் லோஞ்ச் ஓடவில்லை, பெரியண்ணைதான் மெசினில் நின்றார். சில நாட்கள் கழித்து, சிவில் உடுப்பில் இரண்டு பேர் இராணுவக் காம்பிலிருந்து எங்கள் கந்தோருக்கு வந்தார்கள். மூதூராருடைய பெயரைச் சொல்லி, குண்டு வெடித்த அன்று அவர் வேலைக்கு வந்தாரா என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் அப்போது ஒரே அர்த்தம்தான், ஆள் பிடிபட்டிருக்கிறார். சுற்றிவளைப்பில் பிடிபட்ட எவரையும் மீட்க நாங்கள் ஓடி ஓடித் தேடியது ஒரு சொல்லைத்தான். ஆள் வேலையில் நின்றவர். அந்தச் சொல் கிடைத்தால் ஆள் வெளியே வருவார். மனேஜர் தயங்காமல் அவர்களைப் பலகைக்கு முன்னால் கூட்டிப்போய்ப் பச்சைப் பொட்டைக் காட்டினார். அது போதாதென்று மெசின் அறையிலிருந்து வந்த பெரியண்ணை, சிங்களத்தில், அன்று முழுநாளும் அவர் என் பக்கத்தில்தான் நின்றார், வேறெங்கும் அசையவில்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். வந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். பெரியண்ணை என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நல்லவேளை, மூதூராரைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் மூதூராருடைய மனைவி வந்தார். நான் அதற்குமுன் அவரைப் பார்த்ததில்லை. கந்தோர்க் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு நடந்ததைச் சொன்னார். மூதூரில் நடந்த சுற்றிவளைப்பில் தன் புருஷனைப் பிடித்து, இங்கே டவுன் காம்புக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். குண்டு வெடித்த அன்று எங்கே நின்றாய் என்று கேட்டிருக்கிறார்கள். அவர் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். லோஞ்ச் இல்லை, வீட்டில் வேலி அடைத்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகுதான் எங்களிடம் வந்து விசாரித்திருக்கிறார்கள். நாங்கள் எல்லோரும் சேர்ந்து, அவர் அன்றைக்கு டவுனில், குண்டு வெடித்த வீதிக்குப் பக்கத்தில் நின்றார் என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம்.

"டவுனில நிண்டுட்டு ஏன் வீட்டில நிண்டதெண்டு பொய் சொன்னாய் எண்டு கேட்டு அடிக்கிறாங்களாம், தங்கச்சி. அவர் அண்டைக்கு வேலைக்கு வரயில்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்."

தண்ணீர் கொடுக்க எழும்பினேன், கோப்பை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ஆளைக் காப்பாற்ற வேண்டிய அதே சொல் ஆளைக் கொல்லப்போகிறது என்று எந்தப் புத்தி எதிர்பார்த்திருக்கும்? வாசலில் பெரியண்ணை நின்றார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் என்று அவருடைய முகத்தைப் பார்த்தே தெரிந்தது. துவாயை அவிழ்த்து என் மேசையில் வைத்துவிட்டு மாடிப்படி ஏறினார். நானும் பின்னால் ஓடினேன்.

"அண்டைக்கு அவர் வரயில்லை சேர். அவற்ற பேருக்கு நான்தான் ஓம் சொன்னனான்."

மனேஜருக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. அப்போது மெசினில் யார் நின்றது என்று கேட்டார். நான்தான் என்றார் பெரியண்ணை. மற்ற நாட்களில்? மற்ற நாட்களிலும் நான்தான். மனேஜர் எழும்பி நின்று கதிரையைப் பிடித்துக்கொண்டார். இனிக் கத்தப்போகிறார் என்று நான் தோளைச் சுருக்கிக்கொண்டேன். அவர் கத்தவில்லை. அந்த அம்மா எங்கே என்று கேட்டார். பிறகு வாகனத் திறப்பை எடுத்தார்.

மெசினை மூத்த பெடியன் ஒருவனிடம் ஒப்படைத்துவிட்டு நாங்கள் நான்கு பேரும் காம்புக்குப் போனோம். பொம்பிளை தனியே நிற்கக்கூடாது என்று என்னையும் ஏறச் சொன்னவர் மனேஜர்தான். தமிழர் தானாக நடந்து உள்ளே போகிற இடமல்ல அது. கொழும்புத் தமிழரென்றாலும் தமிழர் தமிழர்தான். வாசல் காவல் சென்றியில் அடையாள அட்டையை நீட்டியபோது அவருடைய கை நடுங்கியதை நான் பார்த்தேன். ஆனாலும் போனார். வெயிலில் வாங்குப் பலகையில் இருக்கவைத்தார்கள், இருந்தார். நாளைக்கு வா என்றார்கள், எழும்பவில்லை. கடைசியில் அதிகாரிக்கு முன்னால் நின்று, நேற்று நான் சொன்னது பிழை, என் வேலைத்தலத்தில் நடந்தது எனக்கே தெரியவில்லை, அது என் நிர்வாகத்தின் குறை, அந்த மனிதர் சொன்னதுதான் உண்மை என்று சொன்னார். நம்பிக்கை இல்லாவிட்டால் துறைமுகத்துக்கு ஒரு போன் எடுத்து அன்றைக்கு லோஞ்ச் ஓடியதா என்று கேளுங்கள் என்றார். அதுவரை ஒருவருமே அதைக் கேட்டிருக்கவில்லை. ஒரு மனிதரை இப்படி அடித்தவர்களுக்கு ஒரு போன் எடுக்கத் தோன்றவில்லை என்பதை இப்போது எழுதும்போதும் என்னால் நம்ப ஏலாமல் இருக்கிறது.

போன் எடுத்தார்கள். லோஞ்ச் ஓடவில்லை என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு பொய் சொன்னவன் யார் என்று கேட்டுப் பெரியண்ணையை வேறோர் அறைக்குக் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்தபோது அவருடைய ஒரு பக்கக் கன்னம் சிவந்து வீங்கியிருந்தது. காதைப் பொத்திக்கொண்டு வந்து எங்களோடு வாங்கில் இருந்தார். என்னண்ணை என்று கேட்டேன். ஒன்றுமில்லை, காது கொஞ்சம் இரைகிறது, மெசின் சத்தம்போல என்றார்.

பின்நேரம் மூதூராரை விட்டார்கள். நடக்க ஏலாமல் நடந்து வந்தார். மனைவி அழவில்லை, அவருடைய சட்டைப் பொத்தானைச் சரியாகப் பூட்டிவிட்டார். வழியில் மனேஜர் வாகனத்தை நிறுத்தி எல்லோருக்கும் சோடா வாங்கித் தந்தார். போத்தலைத் தூக்க மூதூராருக்குக் கை வரவில்லை, பெரியண்ணை பிடித்துப் பருக்கினார். முன்னால் இருந்து அதைப் பார்த்துக்கொண்டு வந்த எனக்கு மனேஜர்மேல் வைத்திருந்த ஆத்திரமெல்லாம் கரைந்துபோனது. இந்த மனிதரை எத்தனை விதமாக வைதிருக்கிறேன், நாளைக்கு எல்லோரிடமும் இவரைப் பற்றி நல்லவிதமாகச் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் வசனம்கூடச் சேர்த்துவிட்டேன்.

பக்டரி வாசலில் எல்லோரும் இறங்கினோம். மனேஜர் வாகனத்தைப் பூட்டினார். பிறகு இரண்டு பேருக்கும் முன்னால் வந்து நின்று, நாளையிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் வேலைக்கு வரத் தேவையில்லை என்றார்.

பகிடி விடுகிறார் என்றுதான் நினைத்தேன். அவருக்குப் பகிடி விடத் தெரியாது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. குரலில் கோபமும் இல்லை. ஒரு மனிதருடைய உயிர் என்றபடியால் அங்கே வந்தேன், அது வேறு, விதி வேறு, அது எல்லோருக்கும் முன்னால் சொல்லிப் போட்டது, உங்களுக்கென்று மாற்ற ஏலாது என்றார். காலையில் கை நடுங்க நடுங்க அந்தக் காம்புக்குள் போன அதே மனிதர். அந்தக் கணத்தில் அவரை எப்படி வைவது, எப்படிக் கும்பிடுவது என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெயர் கூப்பிட்டது நான், பச்சைப் பொட்டு வைத்ததும் நான், என்னையும் நிற்பாட்டுங்கள் என்றேன். நீங்கள் கூப்பிட்டீர்கள், பதில் வந்தது, உங்கள் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டார்.

பெரியண்ணைக்குக் கேட்டதோ இல்லையோ, காதைப் பொத்திக்கொண்டு நின்றார். அவருக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நான்கு பேர், வீட்டில் வேறு உழைப்பில்லை. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மூதூரார் மதிலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நிமிர்ந்தார். உதடு வெடித்திருந்ததால் சொற்கள் ஒன்றொன்றாகத்தான் வந்தன.

"அவருக்குமோ சேர்?"

ஓம் என்றார் மனேஜர்.

"அப்பிடியெண்டா என்னை அங்கயே விட்டிருக்கலாமே."

அந்தக் காம்பின் அறையிலிருந்து வெளியே வந்து ஒரு மணித்தியாலம்கூட ஆகாத மனிதர் சொல்கிற சொல்லா அது? அப்படிச் சொல்லாதீர்கள் என்று யாராவது அவரை அதட்ட வேண்டும் என்று தவித்தேன். அதற்கு உரிமையுள்ளவர் ஒருவர் பக்கத்திலேயே நின்றார். அவரை உயிரோடு மீட்டுத் தாருங்கள் என்று அன்று காலையில் என் மேசைக்கு முன்னால் கெஞ்சிய அவருடைய மனைவி. நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பெரியண்ணையின் வீங்கிய கன்னத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தன் புருஷன் சொன்னதை மறுத்து ஒரு சொல்லும் அவர் சொல்லவில்லை.