புவனா அடித்த லாங் பெல்

எங்கள் சுரங்க டவுன்ஷிப் ப்ளாக்கில் அந்தச் சாமானுக்கு ஒரே பெயர் கிடையாது. தெற்கிலிருந்து வந்த வீட்டுப் பிள்ளைகள் கவட்டை என்பார்கள். கோயமுத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது உண்டிவில். புவனா மட்டும் "என் வில்லு" என்பாள்.

அவள் அப்பா கருணாகரன் சிவகங்கைக்காரர், மைன்ஸில் மண் வெட்டும் பெரிய இயந்திரத்தில் ஆபரேட்டர். அவர்கள் குவார்ட்டர்ஸுக்கும் எங்களுடையதற்கும் நடுவில் ஒரு வேலிதான். நாங்கள் இருவரும் ஆறாம் வகுப்பு, ஒரே பெஞ்ச். அவளுடைய வில்லுக்குக் கொய்யாக் கவை, சைக்கிள் ட்யூப் ரப்பர். கல் வைக்கிற தோல், அப்பாவின் பழைய சேஃப்டி ஷூவிலிருந்து கத்தரித்த நாக்கு. மாங்காயைக் காம்பில் அடித்து, காய் நசுங்காமல் இறக்குவாள். ஞாயிற்றுக்கிழமை டிவியில் படம் ஓடும்போது அடுத்த தெரு ஆன்டெனாவில் ஒன்று வைப்பாள். கதாநாயகன் புள்ளி புள்ளியாகிவிடுவான். பறவையை மட்டும் குறி வைக்கமாட்டாள். "அது பாட்டுக்கு உக்காந்திருக்கு, அதுக்கும் நமக்கும் என்ன சண்டை?" என்பாள்.

எங்கள் பள்ளிக்கூடத்து மணி, புங்க மரத்தில் கம்பியில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. அதை அடிப்பவர் கலியம்மாள். பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து பெருக்குவது, தண்ணீர் பிடித்து வைப்பது எல்லாம் அவர்தான். காண்ட்ராக்ட் வேலை.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், பி.டி. பீரியட். விளையாட விடாமல் எங்களைப் புல் பிடுங்கச் சொன்னார்கள். புவனா என்னை சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் இழுத்துப்போனாள். பாவாடைப் பையில் பேரிங் குண்டுகள். பழைய பேரிங்கை உடைத்து, கோலி விளையாட யாருடைய அப்பாவோ கொண்டுவந்து கொடுத்தவை.

"இரும்புல இரும்பு பட்டா எப்படிக் கேக்குதுன்னு பாப்போமா?"

மணியைக் குறி பார்த்து ஒன்று விட்டாள். டங்! கலியம்மாள் அடிப்பது போலவே கேட்டது. அவ்வளவுதான், புவனாவுக்குக் கை நிற்கவில்லை. டங், டங், டங் என்று விடாமல் அடித்தாள். அது பள்ளிக்கூடம் விடுகிற லாங் பெல் ஆகிவிட்டது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரு கூச்சல் கிளம்பியது. அடுத்த நிமிஷம் பள்ளிக்கூடமே பையைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டிவிட்டது. நாங்களும் கூட்டத்தோடு கூட்டமாக ஓடினோம். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது.

திங்கட்கிழமை காலையில் சிரிப்பு போய்விட்டது. எச்.எம். அறை வாசலில் கலியம்மாள் அழுதுகொண்டிருந்தார்.

"நான் அடிக்கலீங்க சார். குழாயாண்ட தண்ணி புடிச்சிகினு இருந்தேங்க. மணி அடிக்கிற கம்பி என் ரூம்லயேதான் கெடந்திச்சிங்க."

"மணி தானா அடிச்சுக்குமாம்மா? நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

புவனா என் கையை உதறிவிட்டு நேராக உள்ளே போனாள். நான் வாசலோடு நின்றுவிட்டேன்.

"சார், நான்தான் சார் அடிச்சேன். வில்லால."

எச்.எம். அவளை மேலும் கீழும் பார்த்தார். ஒல்லிக்குச்சி, ரெட்டைப் பின்னல். "யாரைக் காப்பாத்த வந்திருக்க? அவ்வளவு தூரத்துலேர்ந்து நீ அடிச்சியா?"

"மரத்தடியில பாருங்க சார், குண்டு கெடக்கும்."

குண்டுகள் கிடந்தன. அப்படியும் அவர் நம்பவில்லை. "எங்கே, இப்ப அடி பாப்போம்," என்று சைக்கிள் ஸ்டாண்டுக்கே கூட்டிப்போனார். வாத்தியார்கள், டீச்சர்கள் எல்லோரும் வராந்தாவுக்கு வந்துவிட்டார்கள். ஜன்னல் கம்பிக்குக் கம்பி ஒரு முகம். புவனா தோலில் குண்டை வைத்து இழுத்தாள். முதல் குண்டு தவறி இலைக்குள் போய்விட்டது. எச்.எம். "ம், போதும்" என்று திரும்பினார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி இழுத்தாள்.

டங்!

பள்ளிக்கூடம் முழுக்கக் கைதட்டல். கணக்கு டீச்சரும் தட்டிவிட்டு, சட்டென்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

கலியம்மாள் பாய்ந்து வந்து புவனாவின் காதைப் பிடித்துத் திருகினார். "அடிப்பாவி, என் பொழப்புல மண்ணு போடப் பாத்தியே!" திருகிய கையாலேயே அவள் முகத்தைத் துடைத்தும் விட்டார். "வந்து சொன்னியே, அது போதும் போ."

வேலை தப்பியது. புவனாவுக்கு ஒரு மாதம் கலியம்மாளோடு சேர்ந்து மைதானம் பெருக்கும் தண்டனை. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து அழுக்கு யூனிஃபார்மோடு வந்த கருணாகரன் மாமா, எச்.எம்.மிடம் கைகட்டி நின்று திட்டு வாங்கினார். பிறகு மகளை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மிதித்தாராம். பஸ் ஸ்டாண்டு தாண்டியதும், "வெள்ளிக்கெழம போட்டது அம்புட்டும் பட்டுச்சாத்தா?" என்று கேட்டாராம்.

"அம்புட்டும் பட்டுச்சுப்பா."

அவர் முதுகு வீடு வரை குலுங்கிக்கொண்டே இருந்ததாம்.

வருஷங்கள் ஓடிவிட்டன. மாமா ஓய்வுபெற்று சிவகங்கைக்கே போய்விட்டார். புவனா இங்கேயே கட்டிக்கொடுக்கப்பட்டாள். வீட்டுக்காரர் சிவசங்கருக்கு அனல்மின் நிலையத்தில் பெர்மனென்ட் வேலை. அவள் ஒரு மழலையர் பள்ளியில் டீச்சர். இப்போது ப்ளாக்குக்குள் குரங்குத் தொல்லை. எந்த வீட்டில் குரங்கு புகுந்தாலும் புவனாவுக்குத்தான் போன் வரும். அவள் குண்டு வைப்பதே இல்லை, வெறும் ரப்பரை இழுத்துக் காட்டினாலே அவை ஓடிவிடும்.

போன ஐப்பசியில் அவள் மகள் பவித்ராவைப் பெண் பார்க்க வந்தார்கள். நானும் போயிருந்தேன். காபி கொடுக்கிற நேரத்தில் சமையலறையில் தடதடவென்று சத்தம். பஜ்ஜித் தட்டோடு ஒரு குரங்கு கொல்லைப்பக்கம் குதித்தது. பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பரண் மேலிருந்து வில்லை எடுத்துக்கொண்டு புவனா பின்னாலேயே ஓடினாள். பவித்ரா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அம்மா, இன்னிக்குக்கூடவா?"

மாப்பிள்ளையின் அம்மா சந்திரகலா, கண்டிப்பான மனுஷி என்று கேள்விப்பட்டிருந்தோம். அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். குரங்கு தட்டைப் போட்டுவிட்டு ஓடியிருந்தது.

"அதைக் கொஞ்சம் குடுங்க சம்பந்தி," என்று கை நீட்டினார் சந்திரகலா. "எங்க அண்ணனுங்க தொடக்கூட விட்டதில்ல."

மதில் மேல் கொட்டாங்கச்சி வைத்து இருவரும் அடிக்க ஆரம்பித்தார்கள். சந்திரகலாவின் முதல் கல் துணிக்கொடியில் பட்டது, இரண்டாவது தண்ணீர் டிரம்மில். சிவசங்கரும் சந்திரகலாவின் வீட்டுக்காரரும் போய்க் கல்லைப் பொறுக்கிப் பொறுக்கிக் கொடுத்தார்கள். ஹாலில் பவித்ராவும் பையனும் தனியாகப் பேச ஐந்து நிமிடம் கேட்டிருந்தார்கள். சாயங்காலம் வரை அவர்களை யாரும் கூப்பிடவில்லை.