ஆனியிலேயே பூஜை போட்ட பந்தயக் கார்

ஜெயசுதா என்ற பெயரைக் கஸ்தூரி முதன்முதலில் கேட்டது ஒரு வசவோடு சேர்த்துத்தான். அவளுடைய நாத்தனார் செங்கமலத்தைக் கூடப்பாக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. செங்கமலத்தின் பேரனுக்குக் காதுகுத்து என்று கஸ்தூரி சேலியமேட்டிலிருந்து முன்னாடியே போய்ப் பந்தலில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, மற்ற சொந்தக்காரர்கள் வந்த கார் வாசலில் நின்றது. இறங்கினவர்கள் தலையெல்லாம் செம்மண்.

"இன்னாடா இது, வயல்ல பொரண்டுட்டு வந்தீங்களா?" என்று செங்கமலம் கேட்டாள்.

"ஒரு பொண்ணு கரும்பு டிராக்டரை எடுத்துகினு எங்க காரைத் தாண்டிப் போச்சு. மண்ணை வாரி மூஞ்சில எறைச்சிட்டுப் போவுது. அடங்காப்பிடாரி."

"பொண்ணா? யாரு வூட்டுப் பொண்ணு?"

"பத்துக்கண்ணு பச்சையப்பன் மவளாம். ஜெயசுதா."

கஸ்தூரியின் மனசு உடனே உறவுக்கணக்கில் இறங்கிவிட்டது. பச்சையப்பனின் அம்மா சேலியமேட்டு மேலத்தெருவில் பிறந்தவள்; கஸ்தூரியின் சின்னம்மாவுக்கு ஓரகத்தி. அந்த வழியில் பச்சையப்பன் கஸ்தூரிக்கு அண்ணன் முறை. அப்படியானால் இந்தப் பெண் மருமகள் முறை. மகனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. ஆனாலும் இந்த டிராக்டர்க்காரி நமக்கு வேண்டாம் என்று அப்போதே முடிவும் செய்துவிட்டாள். அந்தக் காரை ஓட்டி வந்த அவள் மகன் ராஜ்மோகன் மட்டும், முகத்துப் புழுதியைக்கூடத் துடைக்காமல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். அந்தச் சிரிப்பின் அர்த்தம் அடுத்த தை மாதம் கல்யாணமாகப் போய் முடிந்தது.

ராஜ்மோகனும் வில்லியனூர் சேவியரும் கூட்டாக அரியாங்குப்பத்தில் கார் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார்கள். ஜெயசுதா சேதராப்பட்டில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஷிப்டு வேலைக்குப் போனாள். மூன்று பேருமாகச் சேர்ந்து ஒரு பழைய காரைப் பிரித்து மாட்டி, சென்னைப் பக்கம் நடக்கும் பந்தயத்துக்குக் கொண்டுபோனார்கள். ஓட்டுகிறவள் ஜெயசுதா. முதல் வருஷம் கஸ்தூரி புளிசாதம் கட்டிக்கொண்டு பார்க்கப் போனாள். வண்டிகள் உறுமிக்கொண்டு கிளம்பியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டவள், திறந்து பார்த்து, "நம்ம வண்டி எங்கடா?" என்றாள்.

"அதோ, எல்லாத்தையும் முன்னாடி வுட்டுட்டு மரியாதையா வருது பாரு," என்றான் ராஜ்மோகன்.

அந்த வருஷம் முழுக்கக் கடைசிதான். ஆனால் ஒரு பந்தயத்தில்கூட ஜெயசுதா வண்டியை நடுவில் நிறுத்தவில்லை. அவள் வேலை பார்த்த கம்பெனியின் முதலாளி கலைவேந்தன் அதைக் கவனித்திருந்தார். பந்தயப் பைத்தியம் பிடித்த மனுஷர். அடுத்த வருஷத்துக்குப் புது வண்டி கட்டச் சொல்லி, புது இஞ்சினும் கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனை: ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே வந்து பார்ப்பார், தம் கட்டி ஓடினால் ஜெயசுதா ஓட்டலாம், ஓடாவிட்டால் இஞ்சின் சென்னை டீமுக்குப் போய்விடும்.

ஆடி என்றதும் கஸ்தூரிக்குப் பதறியது.

"ஆடியில புது வண்டியை எடுத்தா எந்தச் சாமிடா கூட வரும்? ஆனி முடியறதுக்குள்ள பூஜையைப் போட்டுடு. அப்புறம் இன்னா வேணா பண்ணு."

"எம்மா, இன்னும் முன்பக்கம் மூடவே இல்லம்மா. பம்பர் இல்லாம பல்லைக் காட்டிகினு நிக்குது."

"பூஜைக்கு மூஞ்சி இருந்தா போதும்டா."

பாதி கட்டின வண்டிக்கு ஆனி கடைசி வெள்ளிக்கிழமை பூஜை நடந்தது. பம்பர் மாட்டாததால் இஞ்சின் தண்ணீரை ஆற்றுகிற ரேடியேட்டர் சல்லடை மாதிரி முன்னால் தெரிந்தது. அதுதான் வண்டிக்கு நெற்றி என்று வந்தவர்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். கஸ்தூரி உள்ளங்கை நிறையச் சந்தனம் எடுத்து அப்பினாள். கூடப்பாக்கத்துக்காரர்கள், பத்துக்கண்ணு சம்பந்தி வகையறா, யாரும் விரலால் தொட்டு வைக்கவில்லை, கையாலேயே பூசினார்கள். குங்குமம் வைத்து, சாமந்தி மாலையைக் குறுக்கே இழுத்துக் கட்டியது கஸ்தூரி. சேவியரும் தன் பங்குக்கு மாதா படம் ஒன்றைச் சந்தனத்தில் ஒட்டவைத்தான்.

ஆடி பிறந்து வண்டி ஓடத் தொடங்கியபோது கவலையும் ஆரம்பித்தது. நாலு சுற்றுப் போனால் இஞ்சின் கொதித்தது. தண்ணீர்ப் பம்பை மாற்றினார்கள். தண்ணீர் போகிற ரப்பர்க் குழாயை மாற்றினார்கள். பம்பையே மறுபடியும் மாற்றினார்கள். ராஜ்மோகன் தாடி வைத்துக்கொண்டு திரிந்தான். நெத்திலிக் குழம்பு என்றால் மறுசோறு கேட்கிற ஜெயசுதா தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்த வருஷம் வுட்டா அப்புறம் யாரும் கூப்புட மாட்டாங்க அத்தை," என்றாள் ஒருநாள். கஸ்தூரிக்கும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

செங்கமலம் ஒருத்திக்குத்தான் கவலை இல்லை. வண்டி ஓடி வந்து நின்றால் கிட்டே போய் மூச்சை இழுப்பாள். "சந்தன வாசனை ஆளைத் தூக்குது அண்ணி. ஆத்தா வண்டியில குந்திகினா. பயப்படாத."

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. சேதராப்பட்டுக்குப் பின்னால் மனை போட்டு விற்காமல் கிடந்த ஒரு நகரில் தார் ரோடு நன்றாக இருந்தது. வீடுதான் ஒன்றுகூட இல்லை. ஆடுகளை ஓரம் ஓட்டிவிட்டு ஜெயசுதா வண்டியை எடுத்தாள். அலங்கார வளைவுக்குக் கீழே நாற்காலி போட்டுக் கலைவேந்தன் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்திலேயே வண்டி ஆவி விட்டுக்கொண்டு வந்து அவர் எதிரில் நின்றது.

"சரிப்பா, இஞ்சினை எறக்கிடலாம். சென்னையில கேட்டுகினே இருக்காங்க," என்று அவர் போனை எடுத்தார்.

ஜெயசுதா ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு மூக்கைச் சுளித்தாள். "அத்தை, அந்தச் சந்தனம் எங்க வாங்கினீங்க?"

"வில்லியனூர் கோயிலாண்ட. ஒசத்தியானது."

"அது வேவுது அத்தை. சார், போனை அப்புறம் போடுங்க. ஸ்பேனரைக் குடு சேவியரண்ணா."

பம்பரைக் கழற்றினால் உள்ளே சந்தனம் வறட்டி மாதிரி காய்ந்து சல்லடை முழுக்க அப்பிக் கிடந்தது. அதற்குமேல் மாலை, நசுங்கி, கருகி. காற்று நுழைய வழியே இல்லை.

"பம்பரை மாட்டினது யாரு?" என்று ஜெயசுதா கேட்டாள்.

ராஜ்மோகன் தரையைப் பார்த்தான். "சாமி மாலை. ஆடியில எப்படிப் பிய்க்கிறது? அம்மா திட்டும்னு அப்படியே மூடிட்டேன்."

"நானும் பார்த்தேன்," என்றான் சேவியர். "உங்க சாமி விஷயத்துல நான் இன்னாத்த சொல்றது?"

"பம்பை ரெண்டு தரம் கழட்டத் தெரிஞ்சுது. ஒரு மாலையைக் கழட்ட வாயும் வரல, கையும் வரல," என்றாள் ஜெயசுதா.

"கை வைக்காதடி," என்று செங்கமலம் குறுக்கே வந்தாள். "ஆடி முடியட்டும். ஆத்தா கோச்சிக்கும்."

ஜெயசுதா கையை நீட்டவில்லை. மாலை கட்டியவள் கஸ்தூரி; அவளைத்தான் பார்த்தாள். கலைவேந்தன் கையில் போன் இன்னும் இருந்தது. ஆத்தா கோபித்துக்கொண்டால் கூழ் ஊற்றிச் சமாதானம் செய்துகொள்ளலாம், இந்த மனுஷர் எழுந்து போய்விட்டால் எதை ஊற்றுவது என்று கஸ்தூரிக்குத் தோன்றியது. செருப்பைக் கழற்றிவிட்டு வண்டிக்கு முன்னால் போய்க் கும்பிட்டாள்.

"ஆத்தா, கொஞ்சம் எறங்கி நில்லு. என் மருமவ ஓட்டிட்டு வரட்டும்."

மாலையைப் பிய்த்து மடியில் வாங்கிக்கொண்டாள். சேவியர் மாதா படத்தை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தான். குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரையெல்லாம் ஊற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்தார்கள். சந்தனத் தண்ணீரை யாரும் மிதித்துவிடக் கூடாது என்று செங்கமலம் முணுமுணுத்துக்கொண்டே வாளியில் பிடித்து வேப்பமரத்தடியில் கொண்டுபோய் ஊற்றினாள். கலைவேந்தனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "வெளியில சொல்லிடாதீங்கப்பா. என் கம்பெனி பேரு வேற வண்டியில ஒட்டியிருக்கு."

வண்டி ஆறியதும் ஜெயசுதா மறுபடி எடுத்தாள். சுற்றிச் சுற்றி வந்தாள். கலைவேந்தன் டீ குடித்தார், இன்னொரு டீயும் குடித்தார். ஆடுகள்கூடப் பழகிப்போய் மேயத் தொடங்கிவிட்டன. ஆவி வரவில்லை. அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டு, "புள்ளயே ஓட்டட்டும்பா," என்றார்.

அந்த வருஷம் முதல் பந்தயத்தில் ஜெயசுதா நாலாவதாக வந்தாள். கஸ்தூரி கண்ணை மூடாமல் பார்த்தாள். கடைசிப் பந்தயத்தில் இரண்டாவது.

இப்போது ஜெயசுதா சேதராப்பட்டுக் கம்பெனியில் பகல் ஷிப்டில் இருக்கிறாள். பந்தய மாதங்களில் கலைவேந்தன் டீமுக்கு அவள்தான் ஓட்டுகிறாள். குடியிருப்பது சேலியமேட்டில், கஸ்தூரி வீட்டில்.