எந்தப் புதுப்பட்டி?

இசைவாணியை முதன்முதலில் பார்த்தது திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகிற பஸ்ஸில். ஜன்னலோரம் உட்கார்ந்து, ஓடுகிற கடைப் பலகைகளை ஒன்று விடாமல் செல்போனுக்குள் படித்துக்கொண்டு வந்தாள். "ராணி டைலர்ஸ், மாடியில. பஞ்சர் கடை, பேர் இல்ல, வேப்பமரத்தடி. கோழிக்கடை, ஞாயிறு மட்டும்."

கண்டக்டர் செத்த நேரம் நின்று பார்த்தார். "ஏம்மா, டிக்கெட் எடுத்தது ஊருக்குப் போகவா, போர்டு படிக்கவா?"

"ரெண்டுக்கும்தாண்ணே. உங்க ஊர்ல மோட்டாருக்குக் காயில் கட்டுறவர் இருக்காரா?"

கண்டக்டர் நகர்ந்துவிட்டார். அதே கேள்வி பின் இருக்கைக்கு வந்தது. அங்கே உட்கார்ந்திருந்த, இதை எழுதுகிறவன், தன் ஊரில் அப்படி யாரும் இல்லை என்றான். "இல்லைங்கிறதும் தெரிஞ்சுக்க வேண்டியதுதான்" என்று அதையும் போனுக்குள் சொல்லிக்கொண்டாள். இறங்குவதற்குள் பாதிக் கதை வந்துவிட்டது. மீதி, பின்னால் பழகியபோது வந்தது.

சேவுகம்பட்டியில் வெங்காயமும் மக்காச்சோளமும் போடுகிற அழகரின் மூத்த மகள் அவள். காந்திகிராமத்தில் படித்தவள். அந்த வீட்டு வாசலுக்குள் ஒரு பட்டம் நுழைந்தது அதுதான் முதல் தடவை. பட்டமளிப்புப் படத்தை அழகர் டி.வி.க்கு நேர் மேலே மாட்டியிருக்கிறார். சீரியல் பார்க்க வருகிறவர்களும் முதலில் அதைப் பார்த்தாக வேண்டும். முதல் பட்டம் வாங்கின வீட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

படித்து முடித்ததும் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. கடைகளின் பெயர், தொழில், திறக்கிற நேரம், இருக்கிற இடம் எல்லாவற்றையும் இணையதளத்தில் ஏற்றுகிற வேலை. அந்தத் தளத்தில் திண்டுக்கல் என்றால் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி நாலு தெரு. மற்ற ஊரெல்லாம் வரைபடத்தில் வெறும் பச்சை.

"எங்க பக்கமும் கடை இருக்கு சார்" என்றாள்.

"அங்க யாரும்மா தேடப் போறா?" என்றார் மேலாளர்.

அந்தக் கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை. வேலையை விட்டுவிட்டு வந்து, தானே ஓர் இணையதளம் தொடங்கினாள். பெயர் 'கிட்டக்க'. நாம் நிற்கிற இடத்தைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் என்ன கடை, என்ன தொழிலாளி என்று அது காட்டும்.

அழகர் ஒன்றுதான் சொன்னார். "தைப்பொங்கல் வரைக்கும் பாரு. ஒருத்தனாவது இதப் பாத்துக் கடைக்குப் போனான்னு என் காதுல விழணும். இல்லைன்னா கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறிரு."

மார்கழி பிறந்துவிட்டது. சேவுகம்பட்டிப் பக்கம் டீக்கடைக்கு டீக்கடை நோட்டீஸ் ஒட்டியாயிற்று. சொந்தக்காரர்களின் போனையெல்லாம் பிடுங்கி 'கிட்டக்க'வை ஏற்றிக் கொடுத்தாயிற்று. அவர்களும் தேடித்தான் பார்த்தார்கள். தேடினது அதில் இல்லை. முக்கால்வாசிப் பேர் தேடினது காயில் கட்டுகிறவரை. எரிந்துபோன பம்ப்செட் மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றித் தருகிற ஆள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது.

அப்படித்தான் பிராங்க்ளின் அகப்பட்டார். இத்தனை வருஷம் இன்னொருவர் பட்டறையில் காயில் கட்டிவிட்டு, தாடிக்கொம்பு பக்கத்துப் புதுப்பட்டியில் சொந்தக் கடை போட்டிருந்தார். திறப்பு விழா மாலை காய்ந்ததுதான் மிச்சம்.

"போட்டா நல்லா எடு தங்கச்சி. ஈ ஓட்டுறது தெரியக் கூடாது" என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸிலேயே அவள் எல்லாவற்றையும் ஏற்றினாள். தொழில், போன் நம்பர், போட்டோ. ஊர் என்று கேட்ட இடத்தில் 'புதுப்பட்டி' என்று தட்டினாள். வந்த பட்டியலில் கண் பழகிய புதுப்பட்டியை அமுக்கினாள். வரைபடத்தில் சிவப்பாக ஒரு பின் விழுந்தது.

விழுந்த இடம் சேவுகம்பட்டிக்குப் பக்கத்துப் புதுப்பட்டி. தாய்மாமன் முத்துக்கிருஷ்ணன் ஊர். பிறந்ததிலிருந்து அவளுக்குப் புதுப்பட்டி என்றால் அதுதான். இந்தச் சீமையில் ஆளுக்கொரு புதுப்பட்டி உண்டு. அவரவருக்கு அவரவருடையதுதான் புதுப்பட்டி.

மறுநாள் காலையில் மாமா போன் அடித்தார்.

"ஏத்தா வாணி, காயில் கடை எங்க இருக்கு?"

"எந்தக் கடை மாமா?"

"உன் கிட்டக்கதான் காட்டுது. எங்க ஊரு ரேஷன் கடைக்கு எதுக்க. மோட்டாரத் தூக்கி டி.வி.எஸ்.ல வச்சுக் கட்டிக்கிட்டு வந்து நிக்கிறேன். எதுக்க ஒரு எருமதான் படுத்திருக்கு. அதா காயில் கட்டும்?"

அவள் பேசிக்கொண்டே தளத்தைத் திறந்தாள். தாடிக்கொம்பு பக்கம் இருக்க வேண்டிய பின் மாமா ஊரில் நின்றது.

"உங்கப்பனுக்குப் போன் போடத்தான் நெனச்சேன். பாவமேன்னு உனக்குப் போட்டேன்" என்று மாமா வைத்துவிட்டார்.

வைத்த உடனே பிராங்க்ளின். "என்ன பண்ணித் தொலைச்ச தங்கச்சி? விடிஞ்சதுல இருந்து போனு. கடை எங்கங்கிறான். கடையிலதான்யா உக்காந்திருக்கேங்கிறேன். நாங்களும் உங்க கடை வாசல்லதான் நிக்கிறோம், பொய் சொல்லாதீங்கங்கிறான்."

"எத்தன பேருண்ணே?"

"எண்ண விட்டாத்தான? இந்தா, இப்பக்கூட இன்னொருத்தன் கூப்பிடுறான்."

இசைவாணி எழுந்து நின்றுவிட்டாள். பயத்தில் இல்லை.

"அண்ணே, வையாமக் கேளுங்க. பின்னு தப்பு. ஆனா போன் நெசம்."

"அந்தப் பக்கம் இந்த வேலைக்கு ஆளே இல்லையா?" என்று கேட்டார் பிராங்க்ளின்.

"அம்புட்டுப் பேரும் டவுனுக்குத்தான் தூக்கிட்டுப் போறாங்க."

"அங்கேயே நிக்கச் சொல்லு. வாரேன்."

அவள் மாமாவுக்குச் சொல்லிவிட்டு ஓடினாள். பிராங்க்ளின் ஷட்டரை இழுத்துவிட்டு, தெரிந்தவருடைய லோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். ரேஷன் கடைக்கு எதிரே மோட்டார்கள் வரிசை கட்டி நின்றன. எருமை எழுந்து போயிருந்தது.

"வாங்க காயில்காரரே" என்றார் மாமா. "உங்க கடையத் தெறந்து காலையில இருந்து நாங்கதான் பாத்துக்கிறோம்."

மோட்டார்களை ஏற்றிக்கொண்டே பிராங்க்ளின் குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, அந்தப் பின்னு இங்கனயே இருக்கட்டுமே."

"கடை இல்லாத எடத்துல கடைன்னு போட மாட்டேண்ணே. நீங்க கடையப் போடுங்க, நான் பின்னப் போடுறேன்." சொல்லிக்கொண்டே அதை எடுத்துத் தாடிக்கொம்பு பக்கம் கொண்டுபோய் ஊன்றினாள்.

கேட்டுக்கொண்டிருந்த மாமா தொண்டையைக் கனைத்தார். "வீட்டு முன்னாடி தகரக் கொட்டகை சும்மாதான் கெடக்கு. புதன்கெழம வந்து மோட்டார வாங்கிட்டுப் போகட்டும், சனிக்கெழம கொண்டாந்து குடுக்கட்டும்."

பிராங்க்ளின் தலையாட்டினார். அந்தத் தகரக் கொட்டகைக்கு முன்னால் நின்று அவள் இரண்டாவது பின்னைப் போட்டாள். இந்தத் தடவை 'புதன், சனி மட்டும்' என்றும் போட்டாள். மறுநாளே தளத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்தாள். யார் புதுப்பட்டி என்று தட்டினாலும் 'எந்தப் புதுப்பட்டி?' என்று அது திருப்பிக் கேட்கும். தாடிக்கொம்பு புதுப்பட்டி, சேவுகம்பட்டி புதுப்பட்டி என்று, ஜனங்கள் வாயில் வருகிற மாதிரியே பெயர்களைக் காட்டும்.

மோட்டார் ஏற்றின அன்று சாயங்காலமே சேதி அழகர் காதுக்குப் போய்விட்டது. சாப்பிடும்போது கேட்டார்.

"உன் மாமன் எருமைக்கு முன்னாடி போய் நின்னானாமே?"

"ஆமாப்பா."

"அப்ப ஒருத்தன் பாத்துப் போயிருக்கான்."

"போனாருப்பா. கடைதான் இல்ல."

"அதான் பெறகு வந்துருச்சுல்ல" என்றவர், மனைவி சிவனம்மாளைப் பார்த்து, "புள்ளைக்கு இன்னும் கொஞ்சம் வெஞ்சனம் வையி" என்றார்.

கோயம்புத்தூர் பேச்சு அதோடு நின்றது.

இப்போது இசைவாணிக்குத் திண்டுக்கல் நாகல்நகரில், ஒரு மாடியில் அலுவலகம் இருக்கிறது. மலர்விழியும் நர்கீஸும் அவளோடு வேலை பார்க்கிறார்கள். வாரத்தில் பாதி நாள் அவள் பஸ்ஸில்தான் இருக்கிறாள், ஜன்னலோரத்தில், பலகைகளைப் படித்துக்கொண்டு.