வாடகை ஓகே, வாய் அதிகம்

போன மாதம் ஒரு சாப்பாட்டுக் கடையில், பரோட்டா மாதிரி ரொட்டிச் சானாய் சுடும் கல்லுக்கு முன்னால் நின்றபடி, என் குணநலன் போன் ஸ்பீக்கரில் வாசிக்கப்படுவதைக் கேட்டேன். எட்டுப் பேர் டீ குடித்துக்கொண்டே கூடக் கேட்டார்கள். டிக்கெட் கிடையாது.

விஷயம் இதுதான். மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட்டில் மூன்று வருஷமாக நாங்கள் இருந்த வாடகை வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். மகளுக்கு இந்த வருஷம் பள்ளி இறுதி எஸ்.பி.எம். பரீட்சை. இந்த மலையில் வாடகைக்கு வீடு தேடிப் பார்த்திருக்கிறீர்களா? கதவில் ஒரு ஸ்ட்ராபெரி படம் வரைந்துவிட்டால் போதும்... கோழிக்கூடு கூட ஹோம்ஸ்டே ஆகிவிடுகிறது. இங்கேயே பிறந்தவர்கள் டூரிஸ்டாக வந்தால் ஒருவேளை இடம் கிடைக்கலாம்.

ஏன் காலி செய்யச் சொன்னார்? அவர் தேயிலைத் தோட்டத்தில் கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தவர். ஓய்வு பெற்றுவிட்ட செய்தி அவருக்கு இன்னும் வந்து சேரவில்லை. புகார் எதுவானாலும் காலை ஆறு மணிக்குத்தான் சொல்ல வேண்டும். தோட்டத்தில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டு நேரம் அது. எங்கள் கூரையோ மத்தியான மழைக்குத்தான் ஒழுகும். மழையை ஆறு மணிக்கு வரவழைக்கும் அளவுக்கு எனக்குச் செல்வாக்கு இல்லை.

அதனால் ஒழுகும்போதே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழும். பதில் வராது. அடுத்த மழை, அடுத்த போட்டோ. நாற்பத்தொன்றாவது போட்டோவுக்கு ஒருவழியாகப் பதில் வந்தது — வீட்டைக் காலி பண்ணுங்கள் என்று.

தேடித் தேடி மலையின் மறு கோடிக்கே, கம்போங் ராஜாவுக்கு வந்துவிட்டோம் நானும் மகளும். அங்கே இந்த ரொட்டிச் சானாய்க் கடை வைத்திருக்கும் பாய் ஒருவருக்குப் பின்கட்டில் ஒரு வீடு காலி. மகள் அதற்குள் ஜன்னலோரம் மேசை போட இடம் பார்த்துவிட்டாள். ஆனால், பழைய வீட்டுக்காரரை விசாரிக்காமல் பாய் சாவி தரமாட்டாராம். பெண் பார்க்க வருகிறவர்கள் கூட இவ்வளவு விசாரிப்பதில்லை. அவர் கையெல்லாம் மாவு. ஆகவே ஸ்பீக்கர்.

"ஐயா, அந்த டீச்சரு எப்படி ஆளு?"

மறுமுனையில் ஒரு செருமல். அப்புறம் தாள் புரளும் சத்தம். ஆமாம், நோட்டில் எழுதியே வைத்திருக்கிறார்!

"வாடகை... ஓகே. சுத்தம்... ஓகே. வாய்... அதிகம்."

"அதிகம்னா?"

"கூரை ஒழுகுச்சுன்னா ஒழுகுதுன்னு சொல்லிருவாங்க லா. பைப்பு ஒடஞ்சா போட்டோ எடுப்பாங்க. அடங்கிப் போற ஆளு இல்ல. பாத்துக்குங்க."

எட்டுத் தலைகளும் என் பக்கம் திரும்பின. மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. இதே கிராணியிடம் பேர் பதிந்து கொழுந்து வெட்டியவர் அவர். வேறு தோட்டத்துக்கு மாறினால் ஆளுக்கு முன்னால் கிராணியின் வார்த்தை போய்விடும். அப்பாவுக்குப் போன வார்த்தை, 'நல்ல ஆளு, வாய் தொறக்க மாட்டான்.' அந்த நல்ல பேரோடு, தோட்டத் தொழிலாளர்களின் ஒழுகும் லயத்து வீட்டில், தண்ணீர் பிடிக்கப் பேசின் வைத்தே காலத்தை ஓட்டினார். அதை நினைத்ததும் கோபத்தில் கண் கலங்கிவிட்டது. வெங்காயம் நறுக்குகிற பக்கம் போய் நின்றுகொண்டேன்.

வாடகைக்கு இருப்பவர்கள் எப்படித்தான் இருக்க வேண்டுமாம்? ஒன்றாம் தேதி மட்டும் உயிரோடு இருக்க வேண்டும். மற்ற நாட்களில் சுவரோடு சுவராக இருக்க வேண்டும். அந்தச் சுவர் கூட ஈரமானால் காட்டிக்கொடுக்கும்!

பாய் மாவை இரண்டு முறை வீசிப் போட்டார்.

"டீச்சர், முன்ன இருந்தவரு தங்கமான மனுசன். நாலு வருசம் ஒரு வார்த்தை பேசல. சீலிங்கு மொத்தமா கீழ வந்தப்பதான் உள்ள ஒழுகுனதே எனக்குத் தெரியும்." மாவுக் கையோடு சாவியை நீட்டினார். "நீங்க தாராளமா பேசுங்க லா."

மகள் அன்றைக்கே மேசையைப் போட்டுவிட்டாள்.

போன வாரம் எனக்கு ஒரு போன். கிராணி. மணி பார்த்தேன் — சரியாகக் காலை ஆறு.

"டீச்சர், கூரை மாத்துற ஆளு இன்னிக்கு வர்றான். எங்கெங்க ஒழுகுதுன்னு கேக்குறான். புதுசா வந்தவங்க ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குறாங்க. நீங்க அனுப்புன போட்டோவெல்லாம் அழிச்சிட்டேன்... திரும்ப அனுப்ப முடியுமா?"

நாற்பத்தொன்றையும் அனுப்பினேன். கூடவே ஒரு வரி எழுதினேன்: "ஐயா, நோட்டில் அந்த 'வாய் அதிகம்' மட்டும் அப்படியே இருக்கட்டும்... அடுத்த வீடு தேடும்போது உதவும்."